இரண்டாவது லிவர்

இந்த வாரம் எனக்குக் கோபம். மாமன் முறை ஆகிற ஒருவர், கிணற்று வேலைக்குக் கம்ப்ரசர் சுமந்துகொண்டிருந்த பழைய மாசி பெர்குசன் டிராக்டரை ஏலத்தில் எடுத்து, உழவுக்கு மாற்றியிருக்கிறார். எடைக்குப் போகவேண்டிய வண்டி காட்டுக்கு வருகிறதே என்று சந்தோஷம்தான். கோபமெல்லாம் மாற்றிய விதத்தின் மேல். முதலில் பெயின்ட் அடித்தார்கள். அப்புறம் சீட், பம்பர், தலைக்கு மேல் கூரை, பாட்டுப் பெட்டி. "லிப்ட் எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டேன். "தூக்குது மாப்ளெ, அப்புறமென்ன வேணும்?" என்றார்.

கம்ப்ரசர் வண்டியைப் பார்க்காதவர்கள் கொங்கு நாட்டில் இருக்க முடியாது. சில அடி மண்ணுக்குக் கீழே பாறை கிடக்கிற ஊர்கள் இவை. டிராக்டரின் முதுகில் கம்ப்ரசரை ஏற்றி, என்ஜினின் சுழற்சியை வெளியே எடுத்துத் தருகிற பி.டி.ஓ. தண்டால் அதை ஓட்டி, ரப்பர் குழாயில் காற்றைக் கிணற்றுக்குள் அனுப்பி, ஜாக்ஹாமரால் தமர் போட்டு, வேட்டு வைத்து ஆழப்படுத்துவார்கள். பிறகு திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகள் வந்தன. தண்ணீரும் வெட்டுக் கிணற்றுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கம்ப்ரசர் வண்டிகள் பட்டறை ஓரங்களில் நிற்க ஆரம்பித்தன. புது டிராக்டருக்குப் பல லட்சம் கேட்கிற காலத்தில், நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு அப்படி நிற்கிற வண்டி ஒரு நல்ல வாய்ப்பு.

ஆனால் அதன் பழைய பிழைப்பைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கம்ப்ரசர் வண்டி ஓடித் தேய்ந்ததைவிட நின்று தேய்ந்ததுதான் அதிகம். ஓடிய தூரம் எதையும் சொல்லாது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக என்ஜின் இரைந்திருக்கும்; ரேடியேட்டரில் பாறைத் தூசி அடைந்திருக்கும்; பி.டி.ஓ. பேரிங் களைத்திருக்கும். இந்த வகை வண்டியில் ஹைட்ராலிக் பம்பு கியர் பெட்டிக்குள்ளேயே, பி.டி.ஓ. தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கலப்பையைக்கூடத் தூக்காத வருடங்களிலும் பம்பு சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும். ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பின் டயரில் ஆழமான பட்டை வேண்டும்; ரோட்டில் ஓடி வழவழப்பான டயர் ஈரக்காட்டில் நின்ற இடத்திலேயே சுற்றும்.

இவற்றையெல்லாம் ஒரு நல்ல மெக்கானிக் பார்த்துக்கொள்வார். யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஹைட்ராலிக்குக்கு இரண்டு லிவர்கள் உண்டு. ஒன்று கலப்பையைத் தூக்க, இறக்க, ஒரே உயரத்தில் நிறுத்த. இன்னொன்றை நம் டிரைவர்களில் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய ஆதங்கம் இது என்று தெரியும். தெரிந்தாலும் இன்றைக்கு முழுவதும் சொல்லிவிடுகிறேன். உழவு டிராக்டர் என்ற பெயருக்கே காரணம் அந்த இரண்டாவது லிவர். அதன் பின்னால் ஒரு மனிதரின் வாழ்நாள் இருக்கிறது.

ஹாரி பெர்குசன் 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டிய விமானத்தை ஓட்டி, அயர்லாந்தில் முதலில் பறந்தவர் என்று பெயர் வாங்கினார். முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, 1917இல், அரசு டிராக்டர்களின் வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஊர் ஊராகப் போய் உழவைப் பார்த்தார். அன்றைய டிராக்டர், மாட்டுக்குப் பதிலாக நின்ற ஓர் இரும்பு. கலப்பையைப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும். சக்கரம் வழுக்காமல் இருக்க வண்டி கனமாக இருக்க வேண்டும். கனமான வண்டி மண்ணை மிதித்து இறுக்கும். கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கினால் முன்பக்கம் எழும்பி, வண்டி மல்லாந்து டிரைவர் மேலேயே விழும். போர்ட்சன் டிராக்டர்கள் இப்படிக் கவிழ்ந்து உயிர்கள் போயின.

பெர்குசன் கலப்பையைத் தனிக் கருவியாக நினைப்பதை விட்டார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க் என்று மூன்று இடத்தில் பிடித்து, கலப்பையை டிராக்டரின் ஓர் உறுப்பாக ஆக்கினார். உழும்போது மண் கலப்பையை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு டாப் லிங்கை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் வண்டியின் மூக்கைத் தரையோடு அமர்த்தி வைக்கிறது. அதே டாப் லிங்கின் அடியில் ஒரு கனத்த ஸ்பிரிங். மண் இறுகினால் ஸ்பிரிங் அமுங்கி, ஹைட்ராலிக் வால்வுக்குச் சேதி சொல்கிறது. கலப்பை ஒரு மயிரிழை மேலே எழுகிறது. மண் இளகினால் ஸ்பிரிங் விரிகிறது. கலப்பை மறுபடி இறங்குகிறது. எழுகிற ஒவ்வொரு முறையும் கலப்பையின் கனமும் அது பிடித்திருக்கிற மண்ணின் இழுப்பும் பின் சக்கரத்தின் மேல் ஏறுகின்றன. மண் எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவுக்குச் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடுகிறது. தனக்கு வேண்டிய பாரத்தை இலேசான வண்டி அந்த மண்ணிடமே வாங்கிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டை வேலைக்கு அழைப்பதுதான் அந்த இரண்டாவது லிவர். நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

1933இல் கறுப்பு வண்ணத்தில் முதல் மாதிரியைச் செய்தார். 1938இல் அமெரிக்கா போய் ஹென்றி போர்டின் முன்னால் உழுது காட்டினார். பத்திரம் எதுவும் இல்லாமல் இருவரும் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1939இல் 9என் டிராக்டர் வந்தது. பின்னாளில் போர்டின் பேரன் அந்தக் கைகுலுக்கலை விலக்கிக்கொள்ள, வழக்காகி, 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. இதற்கிடையில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை டி.இ.20 என்ற சாம்பல் நிற டிராக்டர் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. சக்கரங்களுக்குப் பட்டைச் சங்கிலி மாட்டி அதே வண்டிகளில்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவம் சேர்ந்தார். 1953இல் பெர்குசன் கம்பெனி மாசி ஹாரிஸோடு சேர்ந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாபே கம்பெனி வழியாக அந்தப் பரம்பரை நம் காடுகளுக்கு வந்து சேர்ந்தது. மாமா ஏலத்தில் எடுத்ததும் அந்த வம்சத்து வண்டிதான்.

மறுநாள் ஒரு வயதான மெக்கானிக்கை அழைத்துப் போனேன். புதுப் பெயின்டை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய், டாப் லிங்க் மாட்டுகிற கொண்டியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். அசையவில்லை. "நல்லதுங்க, ஆட்டம் இருக்கக் கூடாது" என்றார். பிறகு திருகிப் பார்த்தார். திரும்பவும் இல்லை. "இது திரும்போணுங்க" என்று டீசலை ஊற்றி ஊறவைத்துக் கழற்றினார். கம்ப்ரசர் சுமந்த காலமெல்லாம் வேலையே இல்லாமல் இருந்த ஸ்பிரிங், துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. லிப்ட் தூக்கியது உண்மைதான். மண் சொல்வதைக் கேட்கும் காது மட்டும் அடைத்திருந்தது.

ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் பூட்டினார். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி, இரண்டாவது லிவரில் ஆழத்தை வைத்து ஓட்டச் சொன்னோம். சுக்கான் திட்டு வந்த இடத்தில் லிப்ட் கைகள் தாமாகவே சற்று எழுந்து, திட்டைக் கடந்ததும் இறங்கின. என்ஜின் திணறவில்லை, சக்கரம் வழுக்கவில்லை, டிரைவர் லிவரைத் தொடவில்லை. மாமா வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த லிவர் மறந்துபோனதில் ரோட்டவேட்டருக்குப் பங்கு உண்டு. ரோட்டவேட்டர் மண்ணைச் சுழன்று வெட்டி வண்டியை முன்னால் தள்ளுகிறது. டாப் லிங்க் உணர அங்கே எதிர்ப்பு இல்லை. அதற்கு முதல் லிவர்தான் சரி. மருந்தடிக்கும் பூம், குழி தோண்டும் கருவி எல்லாவற்றுக்கும் அப்படியே. மண்ணைக் கிழித்து இழுக்கிற கொத்துக் கலப்பைக்கும் சட்டிக் கலப்பைக்கும் இரண்டாவது லிவர். ரோட்டவேட்டரே கதி என்று ஆன ஊரில் டிரைவர்கள் ஒரு லிவரோடு நின்றுவிட்டார்கள். கோடை உழவுக்குப் போனாலும் அதே லிவர்தான். மேட்டில் மேலோட்டமாகவும் பள்ளத்தில் ஆழமாகவும் உழுது, டீசலையும் டயரையும் தேய்க்கிறார்கள். பிடிப்பு போதவில்லை என்று சக்கரத்தில் இரும்பு வட்டும் டயருக்குள் தண்ணீரும் ஏற்றுகிறார்கள். தென்னந்தோப்பில் அந்தப் பாரம் அத்தனையும் வேர் மேல் இறங்குகிறது. வண்டி இலேசாக இருக்கட்டும் என்று ஒருவர் தலையைக் கொடுத்து உழைத்து வைத்ததை, நாம் கனத்தைச் சேர்த்துச் சேர்த்து அழிக்கிறோம்.

ஆகவே கம்ப்ரசர் வண்டியோ, செங்கல் சூளையில் டிரெய்லர் இழுத்த வண்டியோ, எதை உழவுக்கு மாற்றினாலும் செலவை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் ஸ்பிரிங்கும் பம்பும், அடுத்து லிப்ட் கைகளும் பக்கச் சங்கிலியும் சரியான அளவுப் பின்னும், அப்புறம் டயர். பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். வேட்டி நுனி மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். கனமானதைக் கட்டி இழுக்கும்போது கீழே இருக்கிற டிராபாரில் மட்டும் கட்டுங்கள். அதற்கு மேலே எங்கே கட்டினாலும் வண்டி மல்லாந்துவிடும். பணம் மிஞ்சினால் பெயின்ட் அடியுங்கள். டிராக்டர் விற்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாவி கொடுக்கிற அன்றைக்கு மாலை போட்டுப் படம் எடுக்கிறீர்கள். அதே அன்று டிரைவரைக் கலப்பையோடு ஒரு காட்டுக்குக் கூட்டிப்போய், இரண்டாவது லிவரில் ஒரு சால் ஓட்ட வைத்து அனுப்புங்கள். ஒரு சால் ஓட்டியவர் அப்புறம் அந்த லிவரை விடமாட்டார்.