பத்து டாலர் அட்டையும் 911-ம்

முதலையின் வாயில் கால் அகப்பட்ட கஜேந்திரன் "ஆதிமூலமே" என்று ஒரே ஒரு முறை உரக்க அழைத்தான். பகவான் கருடன் மேல் விரைந்து வந்தார். அழைப்புக்குக் கட்டணம் எவ்வளவு, அதைக் கட்டியவர் யார் என்ற பேச்சே பாகவதத்தில் இல்லை. கலியுகத்தில், அதுவும் அமெரிக்காவில், ஆபத்தில் அழைப்பதற்கென்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இரவும் பகலும் விழித்திருக்கும் மனிதர்களுக்குச் சம்பளம் தரவேண்டும். அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்பது பல அன்பர்களுக்குக் கடை ரசீதைக் கூர்ந்து பார்க்கும்போதுதான் தெரிய வருகிறது.

கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்திற்கு மகள் வீட்டிற்கு வந்திருக்கும் ஒரு தாயாரை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஊர் பென்ஸில்வேனியா. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் வீட்டில் அம்மா தனியே. அவசரத்திற்கு இருக்கட்டும் என்று ஒரு ப்ரீபெய்ட் கைத்தொலைபேசி வாங்கித் தருகிறார்கள். மாதச் சந்தா கிடையாது. பத்து டாலர் அட்டை வாங்கி நிரப்பிக்கொண்டால் போதும். கடை ரசீதைப் பார்த்த அம்மா கேட்கிறார்:

"ஏம்மா, பத்து டாலர் அட்டைன்னுதானே சொன்னே? இதுல ஒண்ணு தொண்ணூத்தஞ்சு தனியா போட்டிருக்கானே?"

"அது 911-க்கு அம்மா. அரசாங்கம் வாங்கறது."

"நான் இன்னும் கூப்பிடவே இல்லையே!"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடை சற்றே நீளமானது.

911 என்ற எண் முதன்முதலாக ஒலித்தது 1968-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி, அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்னும் சிற்றூரில். மாநிலச் சட்டசபையின் சபாநாயகர் ராங்கின் ஃபைட் அந்த எண்ணைச் சுழற்ற, காங்கிரஸ் உறுப்பினர் டாம் பெவில் மறுமுனையில் எடுத்துப் பேசினார். நாடு முழுவதற்கும் இதுவே அவசர எண் என்று சட்டம் ஆனது 1999-ல்தான். ஆனால் அழைப்பை எடுக்கும் நிலையங்களை நடத்தும் பொறுப்பு மத்திய அரசிடம் இல்லை. மாநிலங்களிடமும் கவுண்டிகளிடமும் நகரங்களிடமும் இருக்கிறது. அந்தச் செலவை ஈடுகட்ட, தொலைபேசி வைத்திருப்பவர் ஒவ்வொருவரிடமும் மாதந்தோறும் ஒரு சிறு மேல்வரி வசூலிக்கும் வழக்கம் ஏற்பட்டது. தொலைபேசிக் கம்பெனி அதைத் தன் பில்லில் சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்டிவிடும்.

ப்ரீபெய்ட் தொலைபேசிகள் பெருகியபோது இந்த ஏற்பாடு தடுமாறியது. அவற்றிற்கு மாத பில் இல்லை. பில் இல்லாதபோது மேல்வரியை எதில் சேர்ப்பது? வாங்கியவர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்பதே பல சமயம் கம்பெனிக்குத் தெரியாது. ஆனால் அவரும் ஆபத்தில் 911-ஐத்தானே அழைக்கிறார்! இதற்கு ஒரு வழியாக, அட்டை விற்கும் கடையிலேயே மேல்வரியை வாங்கிவிடலாம் என்று மாநிலச் சட்டமன்றங்களின் தேசிய மாநாட்டு அமைப்பு 2009-ம் ஆண்டில் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. அதைத் தொடர்ந்து மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் வந்தன.

வசூலிக்கும் முறை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. டெக்ஸாஸில் 2010 ஜூன் முதல் அட்டை விலையில் நூற்றுக்கு 2 வீதம். இல்லினாயில் நூற்றுக்கு 3. சிகாகோ நகரத்துக்குள் மட்டும் நூற்றுக்கு 9. பென்ஸில்வேனியாவிலோ வீதக் கணக்கு இல்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரே தொகை. 2015 ஆகஸ்டில் 1.65 டாலராக இருந்தது, 2024 மார்ச் முதல் 1.95 டாலர் ஆயிற்று.

இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் கணக்குப் போட்டால்தான் விளங்கும். டெக்ஸாஸில் பத்து டாலர் அட்டைக்கு 20 காசு, நாற்பது டாலர் அட்டைக்கு 80 காசு. வாங்குவதற்குத் தக்கபடி வரி. பென்ஸில்வேனியாவில் அந்த 1.95 விகிதப்படி பத்து டாலர் வாங்கினாலும் 1.95, நாற்பது டாலர் வாங்கினாலும் 1.95. ஆகவே கையில் காசு குறைவாக இருப்பதால் வாரம் ஒரு பத்து டாலர் அட்டையாக மாதத்தில் நான்கு வாங்குபவர் 7.80 டாலர் மேல்வரி கட்டுகிறார். மாத பில் கட்டும் வசதியுள்ளவர் அதே மாதத்தில் கட்டுவது 1.95 மட்டுமே. இருவரும் அழைப்பது ஒரே எண். எடுப்பது ஒரே நிலையம். எளியவருக்கு நான்கு மடங்கு.

எல்லா மாநிலத்திலும் ப்ரீபெய்ட்காரருக்குத்தான் பாரம் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. சிகாகோவில் நாற்பது டாலர் அட்டைக்கு 3.60 ஆகிறது, அங்கே மாத பில் உள்ள தொலைபேசிக்கு 2018 முதல் மாதம் 5 டாலர் என்று விதிக்கப்பட்டது. ஆக, வரி சரியா தவறா என்பதைவிட, அது எந்த முறையில் போடப்படுகிறது என்பதையே கவனிக்க வேண்டும். ப்ரீபெய்ட் வாங்குபவர்களில் பலர் கடன் வரலாறு இல்லாதவர்கள்: புதிதாக வந்த மாணவர்கள், அண்மையில் குடியேறியவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்கள். நம் சங்கத்தில் இந்த மூன்று வகையினரும் இருக்கிறார்கள்.

ஒரே தொகை விதிக்கும் மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஓர் எளிய யோசனை உண்டு. நான்கு சிறு அட்டைகளுக்குப் பதில் ஒரு பெரிய அட்டையாக வாங்கிக்கொள்வது நலம். மேற்சொன்ன கணக்கில் மாதம் 5.85 மிச்சம், ஆறு மாதத்தில் 35 டாலருக்கு மேல். வீத முறை உள்ள மாநிலங்களில் எப்படி வாங்கினாலும் ஒன்றுதான். கணினி வழியாக வாங்கினால் மேல்வரி கிடையாது என்று சிலர் எண்ணுவது சரியல்ல; வாங்குபவரின் முகவரியைக் கொண்டு அங்கும் வசூலிக்கப்படுகிறது.

நம்மவரில் பலர் பெட்ரோல் நிலையங்களும் பலசரக்குக் கடைகளும் நடத்துகிறார்கள். அட்டை விற்கும் ஒவ்வொரு கடைக்காரரும் சட்டத்தின் கண்ணில் ஒரு வசூல்காரர். வாங்கிய மேல்வரியைத் தனியே கணக்கு வைத்து உரிய காலத்தில் மாநில வரித்துறைக்குச் செலுத்திவிட வேண்டும். இந்தச் சிரமத்துக்காக ஒரு சிறு பங்கைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது; டெக்ஸாஸில் அது வசூலானதில் நூற்றுக்கு 2. மீதி அவருடைய பணம் அல்ல. வேறொருவர் உயிருக்காகக் கொடுத்ததை நடுவில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பணம் என்ன செய்கிறது? அழைப்பை எடுப்பவரின் சம்பளம், அவருக்குப் பயிற்சி, கைத்தொலைபேசி எங்கிருந்து பேசுகிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகள் ஆகியவற்றுக்குச் செலவாகிறது. இதயம் நின்றுபோன ஒருவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி செய்யப்படாவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகும். ஆம்புலன்ஸ் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை தொலைபேசியில் இருப்பவர், எதுவும் அறியாத மகளுக்கு "மார்பின் நடுவில் கையை வையுங்கள், பலமாக, வேகமாக அழுத்துங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பல உயிர்கள் பிழைப்பது அந்தக் குரலால்தான்.

ஆகவே மேல்வரி கொடுப்பதில் வருத்தமில்லை. கொடுத்தது போகவேண்டிய இடத்திற்குப் போகிறதா என்பதே கேள்வி. கோயிலில் அன்னதானத்திற்கென்று ஓர் உண்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் விழுந்த பணத்தை எடுத்துக் கார் நிறுத்தும் இடத்திற்குத் தார் போட்டால் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் சும்மா இருப்பார்களா? தார் போடுவதும் நல்ல காரியந்தான். ஆனால் கொடுத்தவர் அதற்குக் கொடுக்கவில்லை.

911 மேல்வரியிலும் இந்தக் குறை நேர்ந்திருக்கிறது. 2008-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மாநிலங்கள் எவ்வளவு வசூலித்தன, எதற்குச் செலவழித்தன என்று மத்திய தகவல் தொடர்புக் கமிஷன் ஆண்டுதோறும் காங்கிரஸுக்கு அறிக்கை தருகிறது. பணத்தை வேறு காரியங்களுக்குத் திருப்பிய மாநிலங்களின் பெயர்கள் அதில் வெளிப்படையாகவே வருகின்றன. 2004 முதல் மாதம் 90 காசு வசூலித்துவந்த நியூ ஜெர்ஸியும், பக்கத்து நியூ யார்க்கும் அப்பட்டியலில் பலமுறை இடம் பெற்றவை. 2020-ல் காங்கிரஸ் இதைக் கட்டுப்படுத்த மேலும் ஒரு சட்டம் இயற்றியது. எது முறையான செலவு என்பதற்குக் கமிஷன் 2021-ல் விதிகள் வகுத்தது. இந்த அறிக்கைகள் யாரும் படிக்கக்கூடியவை. வாக்குரிமை உள்ள அன்பர்கள் தங்கள் மாநிலத்தைப் பற்றிய பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுத் தங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு நாலு வரி எழுதினால் அதுவும் ஒரு தொண்டுதான்.

இதே வழியில் இன்னொரு எண்ணும் வந்திருக்கிறது. மனவேதனை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் பேசுவதற்கான 988 என்ற எண் 2022 ஜூலை 16-ல் நாடெங்கும் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலம் இதற்காக 2021 அக்டோபரிலேயே தொலைபேசி ஒன்றுக்கு மாதம் 24 காசு விதித்து, 2023-ல் அதை 40 காசு ஆக்கியது. வீட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் இந்த எண்ணையும் அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

மறுபடி கும்பகோணத்து அம்மாவிடம் வருவோம். ரசீதைப் பார்த்ததிலிருந்து அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது: கூப்பிடாமலே இவ்வளவு என்றால், கூப்பிட்டால் எவ்வளவோ! ஆபத்து இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் பெரியவர்களில் பலருக்கு நீரிழிவு உண்டு. அவர்களுக்கும், பொதுவாகப் பெண்களுக்கும், மாரடைப்பு வரும்போது மார்வலி இல்லாமலே போகலாம். மூச்சு வாங்குதல், வியர்வை, குமட்டல், காரணமற்ற களைப்பு இவ்வளவே தோன்றலாம். "பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்" என்று படுத்துக்கொண்டுவிடுகிறார்கள். சாயங்காலம் வரை இதயம் காத்திருப்பதில்லை.

அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டிய செய்திகள் சில. முதலாவது, அட்டையில் பணம் தீர்ந்துபோயிருந்தாலும் 911 வேலை செய்யும். சந்தாவே இல்லாத கைத்தொலைபேசியிலிருந்து வரும் 911 அழைப்பையும் கம்பெனிகள் இணைத்தாக வேண்டும் என்பது மத்திய கமிஷனின் விதி. ஆனால் அப்படிப்பட்ட தொலைபேசிக்கு நிலையத்தார் திரும்ப அழைக்க முடியாது. ஆகையால் அவர்கள் சொல்லும்வரை தொலைபேசியை வைத்துவிடக் கூடாது. பழைய தொலைபேசிகளைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கலாகாது என்பதற்கும் காரணம் இதுவே.

இரண்டாவது, கைத்தொலைபேசி இருக்குமிடத்தைக் கருவி ஏறத்தாழத்தான் காட்டும். அடுக்குமாடியில் எந்த மாடி, எந்தக் கதவு என்பதை வாயால்தான் சொல்லவேண்டும். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்ல அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பழக்கிவையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "டமில்" என்று நிதானமாக இரண்டு மூன்று முறை சொன்னால், பெரும்பாலான நிலையங்கள் தொலைபேசி மூலம் ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைக்க வசதி வைத்திருக்கின்றன.

மூன்றாவது, மேல்வரி கொடுத்திருப்பதால் ஆம்புலன்ஸ் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பணம் அழைப்பை எடுப்பதற்கு மட்டுமே. ஆம்புலன்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பில் தனியே வரும். அதனால்தான் பெற்றோர்கள் விமானம் ஏறுமுன்னரே மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுவது அவசியம். அது இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுடைய தயக்கமும் பாதி குறையும்.

மோட்டல் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-ல் டெக்ஸாஸில் ஒரு மோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயது மகள் நான்கு முறை 911 சுழற்றியும் இணைப்புக் கிடைக்கவில்லை. வெளியே பேச முதலில் 9 அழுத்தவேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார். அவர் பெயரால் 2018-ல் காரி சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவப்படும் பல இணைப்புத் தொலைபேசி அமைப்புகளில் எந்த முன்னெண்ணும் இன்றி நேரே 911 கிடைக்கவேண்டும். பழைய அமைப்பு வைத்திருப்பவர்களும் இதைச் சரிசெய்துகொள்வது தர்மம்.

இந்த வாரம் வீட்டில் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் 911 என்றும், கீழே வீட்டு முகவரியை ஆங்கிலத்திலும் தமிழ் எழுத்திலும், அதற்கும் கீழே பெரியவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களையும் எழுதி, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். காலையில் விளக்கேற்றும்போது அம்மாவின் கண்ணில் தினமும் படும். அதோடு ஒரு வார்த்தையும் சொல்லிவையுங்கள்: "காசைப் பத்தி யோசிக்காதேம்மா, கூப்பிடு."