மணிக்கூடு திருத்தியவரின் மேசை

பழைய மணிக்கூட்டுத் தொழிலாளி ஒருவரின் வேலைமேசை வீடு வந்து சேருமாயின், வாங்கியவர் முதல் ஒரு வாரம் அதன்மீது கை வையாதிருப்பதே நலம். பழம்பொருளைக் கண்டவுடன் நம்மவர் முதலில் தேடுவது உப்புத்தாளை. அடுத்துத் தேடுவது வார்னிஷை. இவ்விரண்டும் கூடி அழித்த தளபாடங்களுக்குக் கணக்கில்லை. கறையான்கூட இவ்வளவு விரைவாக வேலை செய்வதில்லை.

இவ்வாரம் இதனை எழுதக் காரணம் உண்டு. மலைநாட்டிலே துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு முதல் விடுதியாக விளங்குகின்றது. அதன் பழைய இயந்திரங்கள் உள்ளேயே காக்கப்பட்டுள்ளன. கண்டியை அடுத்த ஹந்தானையில் தேயிலை நூதனசாலையும் உண்டு. மகிழ்ச்சியே. ஆனால் தேயிலை உருட்டிய இயந்திரத்துக்குக் கிடைத்த மரியாதை, அத்தோட்டங்களின் நேரத்தைக் காத்த சிறு மேசைக்குக் கிடைப்பதில்லை. அது பூச்சாடி வைக்கும் பலகையாக மாறிவிடுகின்றது.

அம்மேசையை அறியாதவர்க்கு அதன் இலக்கணத்தைச் சிறிது கூறுவோம். அது சாதாரண எழுதுமேசையைவிட உயரமானது. தொழிலாளி கதிரையில் அமர்ந்தால் மேற்பலகை ஏறத்தாழ நெஞ்சளவுக்கு வரும். முழங்கைகள் இரண்டும் பலகையில் ஊன்றியிருக்க, கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டு, முதுகு வளையாமல் வேலை செய்வதற்காகவே அவ்வுயரம். பலகையின் ஓரங்களில் ஒரு சிறு வரம்பு எழுந்திருக்கும். திருகாணி உருண்டு விழாதிருக்க அது தடுப்பு. மடிக்கு நேரே துணியோ தோலோ விரித்த ஒரு தட்டு வெளியே இழுக்கும்படி அமைந்திருக்கும். கை தவறிய உறுப்பு நிலத்தில் விழாமல் அதில் விழவேண்டும். பக்கங்களில் ஆழமில்லாத லாச்சிகள் பல. சாமணம், சிற்றரம், எண்ணெய்க் கிண்ணம், முட்கள், கண்ணாடிகள் என ஒவ்வொன்றுக்கும் ஓரிடம். சில மேசைகளின் கீழே சிறு கடைசல் இயந்திரத்தைச் சுழற்றும் கால்மிதிச் சக்கரமும் இருக்கும்.

இத்தகைய மேசைக்கு மலையகத்தில் என்ன வேலை? புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. வண்டி வந்த ஊருக்கு மணிக்கூடும் வந்தே தீரும். நுவரெலியாவில் 1894இல் எழுந்த செங்கல் தபாற்கந்தோருக்கும் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் உண்டு. ஆனால் லயத்தில் வாழ்ந்தவர்க்கு அக்கோபுரம் தெரியாது. அவர்களுக்கு நேரம் என்பது காதால் அறியும் ஒன்று. விடியுமுன் தப்பொலி எழும், அல்லது சங்கு ஊதும். உடனே பிரட்டுக் களத்திற் கூடவேண்டும். பிந்தி வந்தவரை வேலையின்றித் திருப்பி அனுப்புவதும் உண்டு. அன்றைய கூலி போயிற்று. அந்தச் சங்கை எப்பொழுது ஊதுவது என்று தீர்மானித்ததோ யாரோ ஒருவரின் சட்டைப்பைக் கடிகாரம், அல்லது தொழிற்சாலைச் சுவர்க் கடிகாரம். அது 10 நிமிடம் முந்தி ஓடினால் நட்டம் துரைக்கன்று. அசாம் தேயிலைத் தோட்டங்களிலோ மணிக்கூட்டையே வேண்டுமென்று ஒரு மணி நேரம் முந்தவைத்து, அதற்குத் தோட்ட நேரம் என்று பெயருமிட்டனர்!

ஆகவே கடைவீதி மூலையில் அமர்ந்து ஒரு சுவர்க் கடிகாரத்தைச் சரியாக ஓட வைத்தவர், தாம் கண்டிராத பலரின் நாட்கூலியையும் ஒருவாறு சரிபார்த்தவரே. அன்றைய கைக்கடிகாரங்கள் பலவற்றின் சமன்சில்லு நொடிக்கு 5 முறை துடித்தது. நாளொன்றுக்கு 432,000 துடிப்புகள். ஆயிரம் துடிப்புக்கு ஒன்று பிசகினால் ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிழைக்கும். அப்பிழையைக் கண்ணாலும் விரலாலும் நீக்கிய இடம் அம்மேசை.

நாட்டின் நேரமே மாறிய காலங்களும் உண்டு. 1906இல் இலங்கை ஐந்தரை மணி நேரக் கணக்குக்கு மாறியது. உலகப் போரின்போது 1942இல் முன்தள்ளப்பட்ட நேரம் 1945இல் பழைய நிலைக்கு வந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்தள்ளி, அக்டோபரில் அரை மணி குறைத்து, 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய கணக்குக்கே திரும்பினர். பள்ளிப் பிள்ளைகள் இருட்டிற் புறப்பட்ட அந்நாட்களை இன்றைய பெற்றோர் பலர் மறந்திரார்.

இனி மேசைக்கு வருவோம். தொடாதிருந்த வாரத்தில் ஒன்று மட்டும் செய்யலாம்: லாச்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தல். குழந்தைகளை அருகில் விடவேண்டாம். ஊதவும் வேண்டாம், விளக்குமாற்றால் தட்டவும் வேண்டாம். காரணம் சொல்வோம். ஏறத்தாழ 1910களிலிருந்து 1960கள் வரை, இருளில் ஒளிரும் கடிகாரங்களின் எண்களுக்கும் முட்களுக்கும் ரேடியம் கலந்த பூச்சுப் பயன்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரேஞ்ச் நகரிலே, 1917 முதல் அப்பூச்சைத் தீட்டிய இளம் பெண்கள், தூரிகை நுனியை உதட்டால் கூர்மையாக்கும்படி பழக்கப்பட்டனர். தாடையெலும்பு அழுகிப் பலர் மாண்டனர். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஒளிரச் செய்யும் துத்தநாகச் சேர்மமோ சில பத்தாண்டுகளில் கெட்டுவிடும். எனவே, இருளில் ஒளிரவில்லையே என்று பழைய முட்களை நம்பிவிடலாகாது. ஒளி அவிந்தாலும் நஞ்சு அவியவில்லை. பெரும் ஆபத்து அதன் தூள் மூச்சிலும் வாயிலும் புகுவதே. முகத்துக்கு நல்ல வடிகட்டி மூடியும் கைக்குறையும் அணிந்து, ஈரத்துணியாலேயே துடைத்து, துணியை மூடிய பையில் இடுக. மஞ்சளோ பழுப்போ படிந்த பழைய முகப்புகளும் முட்களும் கிடைத்தால், சாமணத்தால் எடுத்து மூடிய டப்பாவில் வைத்து, அணுசக்தி ஒழுங்குபடுத்தற் பேரவையினரிடம் வழிகேட்பது தக்கது. அத்தகைய பொருள் கிடந்த மேசையில் உப்புத்தாள் போடுவது, தூளை வீடெங்கும் விதைப்பதாகும்.

இடுக்குகளில் வேறு பொருள்களும் அகப்படும். தாளிற் சுற்றிய காந்தத்தை நீட்டினால் உருக்குத் திருகாணிகள் ஒட்டிக்கொள்ளும். பித்தளைச் சில்லுகளும் சிவந்த கற்களும் எஞ்சும். இரத்தினபுரி உள்ள நாட்டிற் பிறந்த நமக்குச் சிவந்த கல் என்றதும் ஆசை எழுவது இயல்பே. ஏமாறவேண்டாம்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கடிகாரக் கற்கள் பெரும்பாலும் உலையிற் செய்த மாணிக்கங்கள்.

மரவேலைக்கு மலைநாட்டின் ஈரமே பெரும் பகை. நுவரெலியா 6,000 அடிக்கு மேல். அட்டன் 4,000 அடிக்கு மேல். அட்டன் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் லாச்சிகள் வீங்கி இறுகிவிடும். இறுகிய லாச்சியைச் சீவுளியாற் சீவுவது பெரும் பிழை. தை மாசியில் மரம் உலர்ந்ததும் அது தளர்ந்து ஆடும். வெயில் காலம் வரும்வரை பொறுத்து, உரசும் ஓரங்களில் மெழுகு தேய்த்தால் போதும். அவ்வாறே, மலையிலிருந்து கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுசென்ற மேசையை உடனே வெயிலுக்கும் விசிறிக்கும் நேரே நிறுத்தினால் பலகை வெடிக்கும்.

பழைய மூட்டுகள் பெரும்பாலும் வச்சிரத்தால் ஒட்டியவை. ஈரத்தில் அது இளகும். அதுவே அதன் நன்மையும் ஆகும். வெந்நீரும் பொறுமையும் இருந்தால் மூட்டைக் கழற்றிச் சுத்தஞ்செய்து, மீண்டும் வச்சிரத்தாலேயே ஒட்டலாம். இன்றைய பசைகள் பலவற்றால் ஒட்டிய மூட்டை அடுத்த தலைமுறை ஆசாரி கழற்ற இயலாது, உடைக்கத்தான் வேண்டும். இரும்பாணி அடிப்பதைப்பற்றிப் பேசவே வேண்டாம்.

மேற்பூச்சு எதுவென அறிய, மறைவான இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பொலிஷ். அதனை முழுதும் உரித்தல் தேவையில்லை. அழுக்கை நீக்கியபின் தேன்மெழுகு ஒரு பங்கும் கற்பூரத் தைலம் மூன்று பங்கும் சேர்த்துப் பூசினால் மரம் தெளியும். அக்கலவையை அடுப்பின் மேல் நேரே வைத்து உருக்காதீர்கள், தைலம் தீப்பற்றும். வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து இளக்குக. முடைந்த தட்டின் அடிக்குத் தேயிலைப் பெட்டியின் பலகையை யாரேனும் முன்பே பொருத்தியிருந்தால், அதனைக் கழற்றி எறியாதீர்கள். தோட்டப்புறத்தில் பல தளபாடங்கள் அப்பெட்டிகளாலேயே உயிர் பிழைத்தன. அதில் அச்சிட்ட தோட்டப் பெயர் இருந்தால் அது ஒரு சாசனம்.

இறுதியாக, மேற்பலகையிலுள்ள வடுக்கள். முழங்கை ஊன்றிய இரண்டு இடங்களும் மெல்லக் குழிந்து வழுவழுப்பாயிருக்கும். எண்ணெய்க் கிண்ணம் இருந்த இடத்தில் கரிய வட்டம், ஸ்பிரிட் விளக்குச் சுட்ட புள்ளி, சிற்றரம் கீறிய கோடுகள். இவற்றுள் ஒன்றையும் நீக்கவேண்டாம். எந்தக் கையால் அவர் அதிகம் வேலை செய்தார், விளக்கை எப்பக்கம் வைத்தார், எவ்விடத்தில் அமர்ந்தார் என்பவற்றை அவ்வடுக்களே சொல்கின்றன. 1969 டிசம்பரில் ஜப்பானில் முதல் குவாட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபின், உலகெங்கும் இத்தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்புவோர் அருகினர். தம் பெயரைப் புத்தகத்தில் எழுதி வைக்காத இத்தொழிலாளருட் பலருக்கு அக்குழிந்த பலகைதான் கையொப்பம்.

வேலை முடிந்ததும் மேசையை நல்ல வெளிச்சம் விழும் சன்னலருகே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரச்சுவர் அதனைத் தீண்டலாகாது. எந்த ஊர்க் கடைவீதியிலிருந்து, எந்த ஆண்டில், யார் கையால் வந்தது, எவ்வெவ் பகுதி புதிதாகச் சேர்க்கப்பட்டது என்பவற்றை ஒரு கடதாசியில் மையால் எழுதி, நடு லாச்சியின் அடிப்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அயலில் மணிக்கூடு திருத்தும் முதியவர் யாரேனும் இருப்பாராயின், ஒட்டுமுன் ஒரு முறை அவரை அழைத்து அக்கதிரையில் அமரச் செய்யுங்கள். உயரம் சரியா என்பதை அவர் முழங்கை சொல்லிவிடும்.