நூலாசிரியை வஞ்சித்தாரா?

66 துப்பறியும் நவீனங்களை எழுதிக் குவித்த அகதா கிறிஸ்டியின் மீது வாசகர் சுமத்திய குற்றங்களுள் மிகக் கடுமையானது, 1926ஆம் ஆண்டில் வெளியான 'றோஜர் அக்றோயிட் கொலை' பற்றியதாகும். இறுதி அத்தியாயங்களை எட்டிய பலர், நூலாசிரியை தம்மை வஞ்சித்துவிட்டார் என்று சினந்தனர். கொலையாளி யாரென்பதை நாம் இங்கு வெளியிடோம். இன்னும் வாசியாத மாணவ நேயர்கள் எம்மை மன்னிக்கமாட்டார்கள்.

வஞ்சனை என்னும் கூற்றுக்கு நாம் உடன்படோம். அந்நூலை இரண்டாம் முறை வாசித்துப் பாருங்கள். துப்புகள் கண்ணெதிரே கிடக்கின்றன. சொல்லுக்குச் சொல் அளந்து வைக்கப்பட்ட வாக்கியங்களை, கதையின் வேகத்தில் நாமே கவனியாது கடந்து வந்திருப்போம். எவரையும் விலக்காது எல்லோரையும் ஐயுறுவதே வாசகரின் வேலை என்று, சக எழுத்தாளரான டொறதி சேயர்ஸ் அவருக்காக வாதாடினார். அமெரிக்க விமரிசகர் எட்மண்ட் வில்சனோ, அக்றோயிட்டைக் கொன்றவர் யாராயிருந்தால் என்ன என்று 1945இல் எள்ளி நகையாடினார். ஆயினும், 2013இல் பிரித்தானியக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தினர், இதுவரை வெளிவந்த குற்ற நவீனங்களுள் தலைசிறந்ததென வாக்களித்துத் தெரிந்தெடுத்தது இந்நூலையே.

அவருடைய பாத்திரங்கள் உயிரற்ற பொம்மைகள் என்போரோடு மட்டும் நாம் வழக்காடத் துணியோம். புவாரோவின் மீசை நினைவில் நிற்கும் அளவுக்கு, கொலையுண்டவர் எவரும் நிற்பதில்லை.