கையடக்கக் காமிரா: இரண்டில் எது?

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் கையடக்கமான காமிரா ஒன்று வாங்க எண்ணியிருப்பதாகவும், எதை வாங்கலாம் என்று இப்பகுதியில் எழுதவேண்டும் என்றும் நம் சங்கத்துக் குடும்பத்தார் இருவர் கேட்டிருக்கின்றனர். சென்ற ஆண்டு நாமும் இதே கேள்வியைச் சுமந்துகொண்டு, கரக்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தவர்களே. நாம் மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரெயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறோமேயன்றி ஒளியியல் கற்றோமில்லை. ஆயினும் இரண்டு பொருள்களை எதிரெதிரே வைத்துக் கணக்குப் பார்ப்பது நம் தொழிலுக்குப் புதிதன்று.

கைபேசியிலேயே காமிரா இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். மங்கிய வெளிச்சத்தில் இன்றைய நல்ல கைபேசி ஒரு நொடிக்குள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகிறது. நாம் கூறப்போகும் சிறு காமிராக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இதை மறைத்து எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகமாகும். கைபேசி போதும் என்பவர்கள் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்வதில் நமக்கு மகிழ்ச்சியே.

நமக்கு அது போதாமற் போனதற்குக் காரணம் வேறு. நம் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானவர். அவர் முகம் நன்றாகத் தெரிய நம்மிடம் இருப்பது அவருடைய அடையாளச் சீட்டில் ஒட்டிய படம் ஒன்றே. அதிலும் ஆபீஸ் முத்திரை ஒரு கன்னத்தில் விழுந்திருக்கிறது. இப்படி இன்னொரு முறை நேரக்கூடாது என்றுதான், அம்பாசமுத்திரத்துக்கு அருகே கிராமத்தில் இருக்கும் நம் ஆச்சியை இரண்டு ஆண்டுகளாகக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தோம். ஒருநாள் அந்தக் கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பழுது பார்ப்பவர் அதற்கு உயிர் கொடுத்தார். படங்களுக்குக் கொடுக்க அவரால் இயலவில்லை. வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்காதது நம் சோம்பலேயன்றி வேறில்லை. எப்படியாயினும், படம் எடுப்பதற்கென்றே ஒரு கருவியும், படங்கள் தங்குவதற்குத் தனியாக ஒரு மெமரி கார்டும் இருக்கட்டும் என்று நம் மனையாள் தீர்மானித்தாள். பேசவும், பணம் அனுப்பவும், வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கவும் பயன்படும் சாதனத்தைப் பத்து வயதுப் பெண்ணின் கையில் நாள் முழுதும் கொடுக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

கைபேசி பரவிய பின் மலிவான சிறு காமிராக்கள் செய்வதைக் கம்பெனிகள் பெரிதும் குறைத்துக்கொண்டன. ஆகவே நாம் பழைய பொருளையே நாடிச் சௌரங்கியில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய மெட்ரோ கல்லிக்குப் போனோம். அங்கும் விலை நாம் எண்ணியதைவிட உயர்ந்தே இருந்தது. சில ஆண்டுகளாகக் கல்லூரிப் பிள்ளைகள் பழைய சிறு காமிராக்களின் நிறம் அழகாயிருக்கிறது என்று தேடி வாங்குகிறார்களாம். நாம் மலிவென்று கருதிய பொருளை இளைஞர் நாகரிகமென்று கருதத் தொடங்கிவிட்டால் நம் பாடு திண்டாட்டந்தான்.

பல கருவிகளைப் புரட்டிப் பார்த்து, கடைசியில் இரண்டை மேசைமீது வைத்தோம். ஒன்று 2014-இல் வெளிவந்த சோனி டபிள்யூ 830. மற்றொன்று 2017-இல் வெளிவந்த கானன் இக்ஸஸ் 185. விலையில் இருநூறு ரூபாய்தான் வேற்றுமை. இரண்டும் 130 கிராமுக்கு உட்பட்டவை. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் 20 மெகாபிக்ஸல், இரண்டிலும் 8 மடங்கு ஜூம், இரண்டிலும் 2.7 அங்குலத் திரை. கடைக்காரர் மெகாபிக்ஸலைப் பற்றியே வெகுநேரம் பேசினார். ஆனால் ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லு இரண்டிலும் ஒரே வகை, ஒரே அளவு. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம்; சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. அந்தச் சிறு நிலத்தில் இருபது என்றாலும் பதினாறு என்றாலும், அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுப் பார்க்கும் நம்மைப் போன்றவர்க்கு வேற்றுமை தெரியப்போவதில்லை.

அப்படியானால் வேற்றுமை எங்கே? முதலாவது, லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதில். பழைய பிலிம் காமிராவின் கணக்கில் கூறினால், சோனி 25 முதல் 200 மில்லிமீட்டர் வரை. கானன் 28 முதல் 224 வரை. எண் குறையக் குறையப் பார்வை அகலும். கூடக்கூடத் தூரத்துப் பொருள் அருகே வரும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று முதலில் நாமும் அலட்சியமாக எண்ணினோம். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்தடி தூரத்தில் நின்று எடுத்தால், சோனியில் கானனைவிட ஏறத்தாழ ஒன்றரை அடி அகலம் கூடுதலாக அடங்குகிறது. ஒரு சிறுவன் நிற்கும் இடம் அது. ரெயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. குடும்பம் முழுவதையும் நிறுத்தினால், படம் எடுப்பவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து அடுக்களைக்குள் போய்விடுவார். ஆனால் ஓர் எச்சரிக்கை: அகலமாக எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர் முகம் சற்று இழுபட்டுத் தோன்றும். பருத்த உடம்புள்ள உறவினரை நடுவில் நிறுத்துவது குடும்ப அமைதிக்கு நல்லது.

இரண்டாவது வேற்றுமைதான் நம்மைப் பொறுத்தவரை முக்கியமானது. சோனியில் கை நடுக்கத்தை லென்ஸே ஈடுசெய்யும் அமைப்பு உண்டு. கை ஒரு பக்கம் அசைந்தால், உள்ளே கண்ணாடித் துண்டு ஒன்று அதற்கேற்ப நகர்ந்து, பிம்பத்தை நிலையாக நிறுத்துகிறது. கானன் 185-இல் அவ்விதமான லென்ஸ் அமைப்பு இல்லை. வெயிலில் எடுப்பவர்க்கு இதனால் நஷ்டமில்லை. வீட்டுக்குள், பிளாஷ் இல்லாமல் எடுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். வெளிச்சம் குறைந்தால் காமிரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் நம் கை அசைந்தால் படம் கலங்கிவிடும். ஜூமை முழுதும் நீட்டினால் கலக்கமும் அத்தனை மடங்கு பெருகும். போதாததற்கு, முழு ஜூமில் கானனின் துவாரம் 6.9, சோனியுடையது 6.3. அதாவது கானனுக்குள் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு வெளிச்சம் குறைவாக நுழைகிறது.

படித்ததை நம்பி வாங்கவேண்டாம் என்று, நம்முடைய மெமரி கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தோம். கடைக்காரர் வங்காளி, பொறுமைசாலி. கடையின் உட்புறத்தில் வெளிச்சம் குறைந்த மூலையில் மனையாளை உட்காரவைத்து, பிளாஷ் இன்றி, இரண்டு காமிராவிலும் ஐந்தைந்து படங்கள் எடுத்தோம். பிறகு எதிர்க்கடைப் பலகையை முழு ஜூமில் ஐந்தைந்து எடுத்தோம். காமிராவின் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் இருந்தன. அந்தத் திரையை நம்பி முடிவு செய்பவர் ஏமாறுவர். சிறிய திரையில் கலக்கம் தெரியாது. நாம் விடைபெற்றுக்கொண்டு, அன்றிரவு வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். முகப் படங்களில் சோனியில் ஒன்று கலங்கியிருந்தது, கானனில் மூன்று. பலகைப் படங்களில் கானனில் ஒன்றுதான் படிக்கத்தக்கதாய் இருந்தது. மறுவாரம் போய்ச் சோனியை வாங்கினோம்.

கானனை ஒதுக்கித் தள்ளியதாக எவரும் கொள்ளவேண்டாம். அதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பாட்டரியை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் வைக்கலாம். இரண்டாவது பாட்டரி இருந்தால் ஒன்று சார்ஜ் ஆகும்போது மற்றொன்றால் படம் எடுக்கலாம். சோனியில் காமிராவோடு வரும் ஏற்பாட்டின்படி, பாட்டரி காமிராவுக்குள் இருந்தபடியே கம்பி வழியாக மின்னேற்றம் பெறுகிறது. தனிச் சார்ஜர் வேண்டுமானால் வேறாக வாங்கவேண்டும். இதன் பொருள் நமக்குக் கோதாவரியில் விளங்கிற்று. முதல் நாள் இரவே சார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டோம். காலையில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ராஜமகேந்திரத்துப் பாலத்தில் ஏறியபோது, காமிரா சுவரோரத்துச் செருகியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு மாதமாக அந்தப் பாலத்தை எதிர்பார்த்திருந்த நம் பெண், ஆறு முடியும்வரை நம்முடன் பேசவில்லை. அது நீளமான ஆறு. தனிச் சார்ஜரும் இன்னொரு பாட்டரியும் ஊரிலிருந்து திரும்பியதும் வாங்கினோம். புதுப் பாட்டரியிலேயே இருநூறு படங்கள் அளவுக்குத்தான் இவ்விரு காமிராக்களும் தாங்கும். பழைய பாட்டரியானால் அதில் பாதிகூட எதிர்பார்க்கவேண்டாம்.

இரண்டிலும் கம்பியில்லாமல் கைபேசிக்குப் படம் அனுப்பும் வசதி கிடையாது. மெமரி கார்டை எடுத்துக் கணினியில் இடவேண்டும். அல்லது கைபேசியில் மாட்டக்கூடிய சிறு ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளவேண்டும். உடனுக்குடன் உறவினர்க்கு அனுப்பும் வழக்கமுள்ளவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நலம்.

பழைய காமிரா வாங்குவோர் கடையிலேயே சில சோதனைகள் செய்யலாம். பத்து முறை போட்டு அணைத்து, லென்ஸ் தடையின்றி வெளியே வந்து உள்ளே போகிறதா, கரகரவென்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். மணல் புகுந்த லென்ஸ் வெகுநாள் உழைக்காது. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் உள்ளே தூசி இருப்பது கரும்புள்ளியாகத் தெரியும். பாட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். பிளாஷை நான்கைந்து முறை எரியவிடுங்கள். பாட்டரி மூடியின் கொக்கி உடைந்த காமிராவை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டு திருமணத்துக்குப் போக நேரிடும்.

இனி ஆச்சி விஷயம். வீட்டுப் பட்டாசலில் ஒரே ஒரு ஜன்னல். அதுவும் கிழக்கு நோக்கியதன்று. இதற்காகத்தானே நடுக்கம் தாங்கும் காமிரா வாங்கினோம் என்ற பெருமிதத்துடன் அங்கேயே உட்காரவைத்து எடுத்தோம். எட்டுப் படங்கள், எட்டிலும் பின்னாலிருந்த தூண் தெளிவாக இருந்தது, ஆச்சியின் முகம் மட்டும் கலங்கியிருந்தது. ஆச்சிக்கு ஓராண்டாகத் தலை இலேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. காமிராவின் அமைப்பு எடுப்பவர் கையின் நடுக்கத்தைத்தான் தாங்கும். எதிரே இருப்பவரின் நடுக்கத்துக்கு அது என்ன செய்யும்? இதை எந்த விளம்பரத்திலும் நாம் படிக்கவில்லை. யோசித்திருந்தால் நமக்கே தெரிந்திருக்கும். பிளாஷ் போட்டால் முகம் நிலைத்தது. ஆனால் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திண்ணையில் உட்காரவைத்தோம். வெளிச்சம் நிறைந்திருந்ததால் காமிராவின் கண் ஒரு கணமே திறந்து மூடியது. தலையாட்டமும் அதில் அகப்படவில்லை. "எய்யா, இந்தத் தீப்பெட்டிக்குள்ளயா என்னைய வைக்கப் போற?" என்று ஆச்சி கேட்டு வாய் மூடுமுன் நம் பெண் பொத்தானை அழுத்திவிட்டாள். அந்தப் படந்தான் நன்றாக வந்தது. அந்த வெளிச்சத்தில் கானனாயிருந்தாலும் அது நன்றாகவே வந்திருக்கும் என்பதை நேர்மையாகக் கூறிவிடவேண்டும். பட்டாசலில் எடுத்த மற்ற படங்களில், அதாவது அசையாமல் நின்ற மாமா, சித்தி, பிள்ளைகள் படங்களில், சோனி தன் விலைக்கு உழைத்தது.

கரக்பூர் திரும்பியதும் கோல் பஜாரில் அச்சிடக் கொடுத்தபோது ஒரு வேடிக்கை. படங்கள் பல ஆண்டுகளுக்கு முந்தியவை என்று கணினி காட்டிற்று. பாட்டரி இல்லாமல் நெடுநாள் கிடந்த காமிராவில் தேதி பழைய நாளுக்குப் போய்விடும். வாங்கிய அன்றே அதைச் சரிசெய்துவிடவேண்டும். நாம் செய்யவில்லை. மனையாள் ஒவ்வொரு படத்தின் பின்னும் சரியான தேதியையும் பெயரையும் பென்சிலால் எழுதினாள். இம்முறை மெமரி கார்டிலிருந்த அனைத்தையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்தும் வைத்திருக்கிறோம்.

திண்ணைப் படத்தின் ஒரு பிரதியைத் தபாலில் ஆச்சிக்கு அனுப்பினோம். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். தன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாட்டை ஏன்யா பாதியோட விட்டுட்ட?" என்றாள். எடுத்துப் பார்த்தோம். படத்தின் இடது ஓரத்தில், தொழுவத்துப் பசுவின் முகமும் முன்கால்களும் மட்டும் விழுந்திருந்தன.