திண்ணையை அடைத்துவிட்டுச் சுவரில் சித்திரமா?



வீடற்றோரின் துயரை உணர்த்தப் பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டலாம், சாலையோரம் சிற்பம் நிறுத்தலாம் என்ற யோசனையை அவ்வப்போது கேட்கிறோம். நோக்கம் நல்லதே. ஆயினும், வண்ணம் பூசிய பிறகு அந்தச் சுவரடியில் படுத்திருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காமல் அதற்குத் தலையசைக்க நம்மால் இயலாது.

கலைக்குக் குறைவில்லாத மண் மாமல்லபுரம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தபோது ஐந்து ரதம் அருகே காய்கனிகளாலேயே ஓர் அலங்கார வளைவு எழுந்தது. 2022-இல் அங்கே செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையின் நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகையாக நிறம் மாறியது. நினைத்தால் ஒரு செய்தியைத் தெருத்தெருவாகக் கொண்டு சேர்க்க முடியும் என்பதற்கு இவை சான்று.

ஆனால் அதே ஊரில் ஏழையின் நிலையை நாட்டுக்கு உணர்த்தியது எது? 2021-இல் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்ட நரிக்குறவப் பெண் ஒருவர் தம் வாயாலேயே பேசிய காணொளிதான். அதன்பின் அமைச்சர் வந்து அவருடன் அமர்ந்து உண்டார். நவம்பர் 4 அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்கினார். பாதிக்கப்பட்டவரின் சொல் அங்கே வேலை செய்தது. நம் விருந்துகளில் எவரும் அவ்வாறு எழுப்பப்படுவதில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல நம்மால் முடியுமா?

சென்னை கண்ணகி நகரையும் பாருங்கள். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோர் வாழும் அந்தக் குடியிருப்பின் சுவர்களில் 2020-இல் மாபெரும் ஓவியங்கள் எழுந்தன. அவை கண்ணுக்கு இனியவை. அப்பகுதியின் மீது சுமத்தப்பட்ட இழிபெயரைத் துடைக்கும் முயற்சி என்ற வகையில் மதிக்கத் தக்கவை. ஆனால் பிழைப்பிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே விழுந்த தூரத்தை எந்த வண்ணமும் குறைக்காது.

வடிவமைப்பு ஏழைக்கு எதிராகவும் நிற்கும். லண்டனின் கேம்டன் பகுதியில் 2012-இல் வைக்கப்பட்ட கான்கிரீட் இருக்கைகள், எவரும் படுத்துறங்க முடியாதபடி சரிவாக வார்க்கப்பட்டவை. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வழிப்போக்கர் இளைப்பாறிய திண்ணைகளை இடித்து இரும்புக் கதவு போட்டோம். கடைப் படிக்கட்டுகளில் கூர்முனைக் கம்பி பதித்தோம். இதுவும் தெருவில் நாம் வைத்த சிற்பம்தான்.

நம் மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையா? மதீனாவின் பள்ளிவாசலிலேயே வீடற்ற தோழர்களுக்காக நிழலிட்ட திண்ணை ஒன்று இருந்தது. அபூஹுரைரா (ரலி) அவர்களும் அந்தத் திண்ணைத் தோழர்களில் ஒருவர். நபி (ஸல்) அவர்களுக்குப் பால் அன்பளிப்பாக வந்தபோது, அத்தோழர்களை அழைத்துவரச் செய்து அவர்கள் அனைவரும் அருந்திய பின்னரே தாம் அருந்தினார்கள். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் ஏழையும் வழிப்போக்கரும் உண்டு என்பதை நாம் அறிவோம். இன்றோ இஷா முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலைப் பூட்டிவிடுகிறோம்.

"அரசின் கடமையை நம் தலையில் ஏன் சுமத்துகிறீர்கள்?" என்று சிலர் கேட்பர். நகர்ப்புறத்தில் 1 லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பின்படி செங்கல்பட்டு நகரின் மக்கள்தொகை சுமார் 62,500. மாமல்லபுரத்தில் சுமார் 15,000. அந்த அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டால் இவ்விரு ஊர்களும் வெளியே நின்றுவிடும். ரயில் சந்திப்பும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ள செங்கல்பட்டுக்குப் போக்கிடமற்றோர் வந்துகொண்டே இருப்பர். ஆகவே ஆட்சியரிடம் காப்பகம் கோரி மனுக் கொடுப்பதும் நம் கடமையே.

அதுவரை ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் ஜமாஅத் மண்டபங்களின் தாழ்வாரங்களைத் திறந்து வையுங்கள். கடைவாசல் கம்பிகளை அகற்றுங்கள். பிறகு சுவரில் எழுதுங்கள்: படுக்க இடம் எங்கே, உணவு எப்போது, யாரைக் கேட்பது என்பதை எழுதுங்கள். தெருவில் வாழ்வோர் சொல்ல விரும்புவதை அவர்கள் சம்மதத்துடன் அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள். முகங்களை வரைந்து அவர்களைக் காட்சிப்பொருளாக்க வேண்டாம். உருவம் வரைவது கூடுமா என்ற சர்ச்சைக்கும் அங்கே இடமிராது.

பிறர் காணச் செய்வோரையும் அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்போரையும் சேர்த்தே கண்டிக்கும் அல்மாஊன் அத்தியாயத்தை நாம் தொழுகையில் ஓதுகிறோம். அதன் பொருள் நம் வாசற்படியிலும் தெரிய வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக.