கூலி பேசும் நேரமா அது?

இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை என்றொரு வாதம் படித்தவர்களிடையே இப்போது செல்வாக்குப் பெற்று வருகின்றது. 108 என்ற எண்ணைச் சுழற்றினால் ஆம்புலன்ஸ் வருகிறது. 101 என்று அழைத்தால் தீயணைப்பு வண்டி வருகிறது. காசு கேட்பார் எவருமில்லை. ஆகவேதான் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அழைக்கிறார்கள்; விளையாட்டுக்கும் அழைக்கிறார்கள்; அழைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை என்று விதித்துவிட்டால் தேவையுள்ளவன் மட்டுமே அழைப்பான் என்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் இது நியாயம் போலத் தோன்றும். கணக்கெழுதிப் பழகிய கைகளுக்கு இனிக்கவும் செய்யும். ஆயினும் இவ்வாதம் அடியோடு தவறு என்பதே என் துணிபு. அதற்குரிய காரணங்களை வாசக நேயர்கள் முன் வைக்கின்றேன்.

காசு கொடுத்தவனுக்கே உதவி என்னும் கொள்கை நடைமுறையில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஒபியன் என்றொரு கவுன்டி இருக்கின்றது. அங்குள்ள சவுத் ஃபுல்டன் என்னும் சிற்றூரின் தீயணைப்புப் படை, ஊர் எல்லைக்கு வெளியே குடியிருப்போருக்கும் உதவுவதற்கு ஆண்டுச் சந்தாவாக 75 டாலர் வாங்கி வந்தது. 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், சந்தா கட்டாத ஒருவரின் வீடு தீப்பற்றிக்கொண்டது. வீட்டார் தொலைபேசியில் கதறினர். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று விடை வந்தது. எவ்வளவு செலவானாலும் தருகிறோம் என்று மன்றாடினர், அதுவும் ஏற்கப்படவில்லை. ஆனால் வண்டி வந்தது! எப்போது? சந்தா கட்டிய பக்கத்து நிலத்துக்காரருடைய எல்லையைத் தீ தொட்டபோது. வந்தவர்கள் அந்த எல்லையில் நீர் பாய்ச்சித் தீயை அணைத்தார்கள். எரிந்துகொண்டிருந்த வீட்டைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார்கள். வீடு சாம்பலாயிற்று. உள்ளே அகப்பட்ட மூன்று நாய்களும் ஒரு பூனையும் வெந்து மடிந்தன. இவ்வளவும் விதிப்படி நடந்தவை. அவ்வூர் நிர்வாகம் வெட்கப்படவுமில்லை. விதி விதிதான் என்று வாதாடியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இன்னொரு வீடும் இவ்வாறே எரிய விடப்பட்டது.

நீரும் இருந்தது, குழாயும் இருந்தது, ஆளும் இருந்தான். 75 டாலர் ரசீது ஒன்றுதான் இல்லை.

இன்னொரு நிகழ்ச்சி. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாஸ்டன் நகரத்துச் சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணின் கால், ரயில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையே சிக்கிக்கொண்டது. தசை கிழிந்து எலும்பு தெரியும் காயம். சூழ நின்றவர்கள் ஆம்புலன்ஸை அழைக்க முற்பட்டபோது அப்பெண், வேண்டாம், அழைக்காதீர்கள், அதற்கு மூவாயிரம் டாலர் ஆகும், என்னால் கட்ட முடியாது என்று அழுதிருக்கிறாள். உலகத்தின் செல்வம் எல்லாம் குவிந்து கிடக்கும் நாட்டில்! மருத்துவக் கட்டணங்கள் எதிர்பாராமல் தலைமேல் விழுவதைத் தடுப்பதற்காக அந்நாட்டில் 2022 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டத்திலும் விமானத்தில் வரும் ஆம்புலன்ஸுக்குத்தான் பாதுகாப்பு உண்டு. சாலையில் ஓடும் வண்டி விட்டுப்போயிற்று. கட்டணம் விதித்தால் தேவையற்றவர்கள் அழைக்க மாட்டார்கள் என்று சொல்கிறார்களே, அந்தப் பெண் தேவையற்றவளா? கட்டணம் தடுத்து நிறுத்துவது ஏழையை மட்டுமே. பொழுதுபோகாத பணக்காரனை அது ஒருநாளும் தடுத்ததில்லை.

சவுத் ஃபுல்டன்காரர்கள் தங்கள் விதியை இன்ஷூரன்ஸோடு ஒப்பிட்டார்கள். விபத்து நடந்த பிறகு வந்து இன்ஷூரன்ஸ் கட்டுகிறேன் என்றால் எந்தக் கம்பெனி ஏற்கும் என்று கேட்டார்கள். ஒப்புமை பிழையானது. இன்ஷூரன்ஸ் கம்பெனி தருவது எரிந்துபோன பொருளுக்கு ஈடான பணம். அது இன்றைக்கு வந்தாலும் ஒன்றுதான், அடுத்த மாதம் வந்தாலும் ஒன்றுதான். தீயணைப்பு வண்டி தருவது எரியாமலிருக்கும் வீடு. அதிலும், நெருப்புக்கு வேலி தெரியாது. சந்தா கட்டாதவன் கூரையில் வளர்ந்த தீதானே கட்டியவனின் எல்லைக்கும் போனது? முதல் வீட்டிலேயே அணைத்திருந்தால் இரண்டாமவனுக்கும் காவலாக இருந்திருக்கும்.

நெருப்பை வைத்துக் காசு பார்ப்பது பழைய தொழில்தான். ரோமாபுரியில் கிராஸஸ் என்றொரு பெருஞ்செல்வன் வாழ்ந்தான். எரிந்துகொண்டிருக்கும் வீடுகளையும், அடுத்துத் தீப்பற்றுமோ என்று அஞ்சி நடுங்கும் பக்கத்து வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்கென்றே அவன் காத்திருப்பானாம். கட்டட வேலை தெரிந்த அடிமைகள் ஐந்நூறு பேருக்கு மேல் வைத்திருந்தானாம். இவ்வாறே அந்நகரத்தின் பெரும்பகுதி அவன் கைக்கு வந்தது என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். தவித்த வாய்க்குத் தண்ணீர் விற்ற வியாபாரத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த ரோமாபுரியிலேயே கி.பி. 6-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் மன்னர் அரசுச் செலவில் தீக்காவற்படை அமைத்தார். லண்டன் மாநகர் 1666-இல் எரிந்த பின்னர், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தத்தம் படைகளை வைத்துக்கொண்டன. தம்மிடம் பதிந்த வீட்டுச் சுவரில் ஈயத்தகடு ஒன்றை அடையாளமாகப் பதித்தன. 1861-இல் டூலி வீதிக் கிடங்குகள் நாட்கணக்கில் எரிந்து, தீயணைப்புத் தலைவரும் அதில் மாண்டுபோன பின்னர், இனி எங்களால் ஆகாது என்று அக்கம்பெனிகளே அரசாங்கத்தின் கதவைத் தட்டின. 1865-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் அது பொதுப்பணியாயிற்று. இரக்கத்தினால் வந்த மாற்றமன்று அது. நட்டக்கணக்குப் பார்த்தவர்களே தனியார் சந்தா முறை உதவாது என்று கண்டுகொண்டார்கள்.

செலவு எங்கே ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தின் செலவு பெரும்பாலும் காத்திருப்பதற்கான செலவு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. வண்டியைப் பழுதின்றி வைத்திருந்தாக வேண்டும். ஒருநாளும் அழைக்காதவனும் அந்தக் காவலின் பயனை ஒவ்வோர் இரவும் அனுபவித்தே உறங்குகிறான். ஆகவே அச்செலவை ஊரார் எல்லோரும் வரியாகச் சுமப்பதே முறை. வீடு எரிந்தவனைப் பிடித்து அவன் தலையில் மட்டும் கட்டுவது எந்த நீதியில் சேர்த்தி?

இனி, ஷரீஅத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எல்லாம் இலவசம் என்று அது சொல்லிவிட்டதாக மேடைப் பேச்சாளர் சிலர் முழங்குவதுண்டு. அவ்வாறில்லை. புகஹாக்கள் நம் காலத்துப் பேச்சாளர்களைவிட நுட்பமானவர்கள். நான் ஓதியதும் ஓதிக்கொடுப்பதும் ஷாஃபிஈ மத்ஹபு, அதிலிருந்தே சொல்கிறேன். ஹனஃபீ சகோதரர்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

பசியினால் உயிர்போகும் நிலையிலுள்ளவனை 'முள்தர்ரு' என்பர். உணவு வைத்திருப்பவன், அவ்வுணவு அப்போது தன் உயிருக்குத் தேவைப்படாதபோது, முள்தர்ருக்குக் கொடுத்தே ஆகவேண்டும், அது கடமை. அவன் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விலை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் நியாய விலைதான். கையில் பணமிருந்தால் உடனே. இல்லையேல் கடனாக எழுதிக்கொண்டு உணவைக் கொடுத்துவிட வேண்டும். பணமில்லை என்பது உணவை மறுப்பதற்குக் காரணமாகாது. விலையைப் பற்றிப் பேசாமலே உண்ணக் கொடுத்துவிட்டால், பின்னர் விலை கேட்க உரிமையில்லை என்பதே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் வலுவானதாகக் கொண்ட சொல்.

அதன் விரிவுரைகளில் இன்னொரு மஸ்அலா வருகின்றது. நம் பொருளுக்கு அதுவே உயிர்நாடி. நீரில் மூழ்குபவனை, நெருப்பில் அகப்பட்டவனை ஒருவன் காப்பாற்றினால் அவனுக்குக் கூலி உண்டா? இல்லை என்கிறார்கள், கூலியின்றிக் காப்பாற்றுவது கடமை என்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: கூலியை நிர்ணயிக்க அங்கே நேரமில்லை. விலை என்பது இருவர் மனமொப்பிப் பேசி முடிப்பது. மூழ்குகிறவன் எதை மறுப்பான்? ஆயிரம் கேட்டாலும் சரி என்பான், சொத்தைக் கேட்டாலும் சரி என்பான். அந்தச் சம்மதம் சம்மதமாகாது. பேசுவதற்கு அவகாசமுள்ள இடத்தில் கூலி கேட்கலாம் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. நாளைக் காலை பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் வண்டிக்கு வாடகை வாங்குங்கள். எவரும் குறை சொல்ல முடியாது. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரின் வாசலில் நின்று வாங்காதீர்கள். தொழுதுகொண்டிருப்பவன்கூட, கண்ணெதிரே ஒருவன் மூழ்கினால் தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும் என்பது மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். அல்லாஹ்வுக்குரிய கடனே அங்கே காத்திருக்கிறது. டீசல் காசு காத்திருக்கக் கூடாதா?

நம் நாட்டு நீதிமன்றங்களும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. காயமுற்றவரை முதலில் காப்பாற்றுவதே மருத்துவரின் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகுதான் என்று 1989-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. படுக்கை இல்லை என்றன, வசதி இல்லை என்றன. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் கைப்பணம் செலவிட்டு அவர் பிழைத்தார். 1996-இல் அவ்வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மறுப்பதாகும், நிதியில்லை என்று சொல்லி அரசு தப்பிக்க இயலாது என்று தீர்ப்பாயிற்று. கொரோனா நோய் பரவியபோது தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்டதும், மாநில அரசுகள் நியாயமான கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட நேர்ந்ததும் நாம் கண்ணாரக் கண்டவை.

பொய்யழைப்பைப் பற்றி ஒரு சொல். பொய்யழைப்பு விடுப்பவன் குற்றவாளி. அவனைக் கண்டுபிடித்துத் தண்டியுங்கள், அபராதம் போடுங்கள், எனக்கு மாறுபாடில்லை. அவன் செய்த குற்றத்துக்கு மெய்யாக அழைத்தவனிடம் காசு வாங்குவானேன்? மேலும், அழைப்பவன் பெரும்பாலும் அடிபட்டவனல்லன். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து கிடப்பதைக் கண்டு அழைப்பவன் வழிப்போக்கன். அவனிடம் எந்தக் கட்டணத்தைக் கேட்பது? காப்பாற்ற வந்தவனைக் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைக்கழிக்கும் அநியாயத்தைத் தடுக்கவே 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் புதுப்பிரிவு சேர்த்தார்கள். அந்த அச்சத்தைப் போக்கிவிட்டு, பில் வருமோ என்ற அச்சத்தைக் கொண்டுவந்து வைப்பதா?

இவ்வளவையும் அரசாங்கத்துக்காக மட்டும் நான் எழுதவில்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 வண்டி காசின்றியே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அஞ்சுவது நம்மவர்களைக் குறித்து. நம் ஜமாஅத்துகள் பலவும் இன்று சொந்தமாக ஆம்புலன்ஸ் வைத்திருக்கின்றன. வளைகுடாவில் உழைப்பவர்களும், சிங்கப்பூர் மலேசியாவில் கடை வைத்திருப்பவர்களும் அனுப்பிய பணத்தில் வாங்கியவை அவை. எங்கள் வட்டாரத்து மஹல்லா ஒன்றில், சந்தா பாக்கியுள்ள குடும்பங்களுக்கு வண்டி அனுப்புவதில்லை என்று தீர்மானம் போட வேண்டும் என இப்போது பேச்சு நடக்கின்றது. முன்மொழிகிறவர்கள் கெட்ட மனிதர்களல்லர். டிரைவர் சம்பளமும் டயர் விலையும் அவர்கள் தலையில்தான் விடிகின்றன. இருந்தும் கேட்கிறேன்: டென்னஸிக்காரன் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சந்தா பாக்கி வைப்பவர் யார்? பீடி சுற்றும் விதவையும், மகன் காசு அனுப்புவதை நிறுத்திவிட்ட முதியவரும்தானே? பணமிருந்தும் பாக்கி வைக்கும் பெரிய மனிதருக்கு வீட்டு வாசலிலேயே கார் நிற்கிறது. ஜமாஅத்து வண்டி அவருக்கு எதற்கு?

அந்தச் சவுத் ஃபுல்டன் ஊர்கூட 2012-இல் தன் விதியை மாற்றிக்கொண்டது. சந்தா கட்டாதவர் வீடானாலும் முதலில் தீயை அணைப்பது, கட்டணத்தைப் பிறகு வசூலிப்பது என்று முடிவாயிற்று. மின்ஹாஜை அவர்கள் ஓதியிருக்க மாட்டார்கள்.

ஜமாஅத்து நிர்வாகிகள் செய்ய வேண்டியது கடினமானதன்று. அழைப்பு வந்ததும் வண்டி புறப்படட்டும். யார் வீடு என்பதற்கு மேல் எதையும் டிரைவர் கேட்க வேண்டியதில்லை. செலவை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நோயாளி வீடு திரும்பிப் பத்து நாள் கழித்து, வசதியுள்ளவரிடம் நியாயமான தொகையைக் கேட்டு வாங்குங்கள். அதையும் முன்னரே ஊரறியச் சொல்லி வையுங்கள். பேசாமல் கொடுத்துவிட்டுப் பிறகு விலை கேட்பதன் நிலை என்ன என்பதை மேலே பார்த்தோம். வசதியற்றவரின் பக்கத்தை ஸதகா நிதியிலிருந்து நேர்செய்து மூடிவிடுங்கள். சந்தா பாக்கியை வசூலிக்க ஆண்டில் பன்னிரண்டு மாதங்கள் இருக்கின்றன. வண்டிச் சாவியை அதற்குப் பிணையாக வைக்க வேண்டாம்.