நானாவைக் கையெழுத்துப் போடச் சொல்கிறவர்களுக்கு



நம்ம தெருவில் வீடு எரிந்து ஏழு மாதம் முடிந்துவிட்டது. காப்புறுதிக் கம்பனியிலிருந்து இன்னும் ஒரு சதம் வரவில்லை. நானாவும் ராத்தாவும் பிள்ளைகளும் இன்றைக்கும் மாமியார் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறார்கள். போன கிழமை கம்பனியிலிருந்து ஒரு கடதாசி வந்தது. 12 இலட்சத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பத்து நாளில் காசாம். "கிடைக்கிறதை எடுங்க, சபர் செய்ங்க" என்று நம்மவர்கள் சிலரே வீடு தேடிப் போய்ச் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சபர் நல்லது. ஆனால் நம்முடைய சபரை முதலாகப் போட்டு ஒரு கம்பனி வியாபாரம் செய்தால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

இந்த ஏழு மாதமும் என்ன நடந்தது? பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி கேட்டார்கள், கொடுத்தோம். மூன்று கிழமை சத்தமில்லை. நாங்கள் போன் எடுத்ததும் கிராம சேவகரின் கடிதம் வேண்டுமாம். கொடுத்தோம். திரும்பவும் மௌனம். பிறகு மின்சார சபைக் கடிதம். எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு பட்டியலாகக் கேட்டிருந்தால் ஒரே கிழமையில் முடித்திருப்போமே! அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கு நாள் எடுக்கும், அது கம்பனியின் கையில் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். அந்த அறிக்கை வந்து பத்து கிழமை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஏன் இழுத்தார்கள்? மதிப்பீட்டாளர் மாறிவிட்டாராம். புதியவர் வந்து பிரிட்ஜுக்குப் பில் கேட்டார். பில் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரி இருந்த இடத்தில் கரியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

சரி, 12 இலட்சம் எப்படி வந்தது? சேதம் 30 இலட்சம் என்று எழுதியது அவர்களுடைய ஆள்தான். ஆனால் 2017இல் வீட்டுக் கடன் எடுத்தபோது காப்புறுதித் தொகை 40 இலட்சம். இப்போது வீட்டின் பெறுமதி ஒரு கோடி என்கிறார்கள். அப்படியென்றால் ஐந்தில் இரண்டு பங்குக்குத்தான் காப்புறுதி, ஆகவே சேதத்திலும் ஐந்தில் இரண்டு பங்குதானாம். பெரும்பாலான தீக் காப்புறுதிப் பத்திரங்களில் இந்த நிபந்தனை இருக்கிறது, மறுக்கவில்லை. 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தொட்டு, சீமெந்தும் கம்பியும் எங்கேயோ போனது கம்பனிக்குத் தெரியாதா? வருடா வருடம் கட்டுப்பணத்தை வாங்கியவர்கள், "தொகையைக் கூட்டுங்க, இல்லாவிட்டால் முழுதாகக் கிடைக்காது" என்று ஒரு தடவையாவது சொன்னார்களா?

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஒரு கோடியில் காணி விலையும் சேர்ந்திருக்கிறதா? காணி எரியாது. காணியைக் கழித்து வீட்டைக் கட்டும் செலவு 60 இலட்சம் என்று வந்தால், இதே கணக்கில் கிடைக்க வேண்டியது 20 இலட்சம். 8 இலட்சம் வித்தியாசம்! கணக்கை எழுத்தில் தாருங்கள் என்று மூன்று தடவை கேட்டோம். "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பதுதான் பதில்.

வந்திருக்கும் கடதாசியோ முழுக்க ஆங்கிலம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. ஆனாலும் உயர்தரம் படிக்கிற மகள்தான் அகராதியோடு உட்கார்ந்து வாப்பாவுக்கு வாசித்துச் சொன்னாள். இது முழுமையான, இறுதியான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கிறது. போட்ட பிறகு ஒன்றும் கேட்க முடியாது. பத்திரத்தில் வங்கியின் பெயரும் இருப்பதால் வருகிற காசு முதலில் அங்கேதான் போகும். குடியிருக்க முடியாத வீட்டுக்கு நானா இந்த மாதமும் கடன் தவணை கட்டினார்.

"குறைகிறதை ஊரே சேர்த்துக் கொடுப்போம், கம்பனியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜும்ஆவுக்குப் பிறகு வசூல் செய்தோம், பிள்ளைகளுக்குக் கொப்பியும் சீருடையும் வாங்கினோம், அல்ஹம்துலில்லாஹ். அது நெருப்பு அணைந்த அடுத்த நாளின் தேவை. இப்போது குறைவது கம்பனி கொடுக்க வேண்டிய கடன். தலையில் மீன் பெட்டி சுமக்கிறவர் போட்ட 500 ரூபாயில் கம்பனியின் கடனை அடைக்கச் சொல்வது என்ன நியாயம்?

காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா என்பதைத்தான். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. ஆகவே சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மத்ரஸாவில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறோம். கணக்கின் விபரமும் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியும் கேட்டு, பதிலுக்குத் திகதி குறித்து, பதிவுத் தபாலில் அனுப்புவோம். அதுவரை யாரும் நானாவை அவசரப்படுத்தாதீர்கள்.

வருகிறவர்கள் உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். தொகை எந்த வருடத்து விலையில் இருக்கிறது என்று பார்ப்போம். கலவரத்தால் வரும் சேதத்துக்கான பாதுகாப்பு சாதாரணத் தீக் காப்புறுதியோடு தானாக வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். 2014இல் அளுத்கமையையும் 2018இல் திகனையையும் பார்த்தவர்கள் நாம், அந்தப் பக்கத்தையும் ஒருக்கால் புரட்டிப் பார்ப்போம்.